காணாமற்போன சனிக்கிழமை

ஆவணி 15, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுத்து கோணலாக இருந்தால் என்னைப் பாதியில் நிறுத்திய என் அப்பனைத்தான் கேட்க வேண்டும். தினமும் என்ன நடந்தது, யாரோடு பேசினேன் என்று எழுதி அடுத்த தடவை கொண்டுவர வேண்டுமாம். எனக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறதாம். அதைச் சொன்னது என் மகன் தண்டபாணி. டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"இன்னைக்கு என்ன தேதிங்க பாட்டி?"

"ஆவணி பதினஞ்சு, திங்கக்கெழம."

"இங்கிலீஷ் தேதி சொல்லுங்க."

நான் பிறந்தது, வாக்கப்பட்டது, தாலி அறுத்தது எல்லாமே தமிழ்த் தேதியில். இங்கிலீஷ் தேதி எனக்கு எதற்கு? தெரியாது என்றேன். காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். நான் பார்த்தேன்.

"அம்மா இப்படித்தானுங் டாக்டர். இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கறாங்க" என்று தண்டபாணி என் தோளைத் தடவினான்.

பேனா, தேங்காய், சைக்கிள் என்று மூன்று பொருளின் பேரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். சொன்னேன். இப்போதும் சொல்வேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னே அவன் இட்லி என்றான். நான் சாப்பிட்டது பழைய சோறு.

கேஸை அணைக்காமல் விட்டேன் என்றுதான் கூட்டிப் போனான். நான் அணைத்தேன். மருமகள் பூங்கோதைதான் விட்டிருப்பாள்.

எனக்கா மறதி? பதினோரு வருஷத்துக்கு முன்னால், வைகாசி ஒன்பதாம் தேதி, இவள் கல்யாணப் பந்தியில் சம்பந்தியம்மா என்னிடம் வந்து சாம்பார் தீர்ந்துவிட்டது, ரசம் ஊற்றிக்கொள்ளுங்கள் என்றாள். மாப்பிள்ளையைப் பெற்றவளுக்கு ரசம். அன்று அவள் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை. முந்தானையில் மஞ்சள் கறை. மறதியாம்.

ஆவணி 16, செவ்வாய்

தட்டைப்பயிறு குழம்பு. உப்பு சரியாக இருந்தது. தண்டபாணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கையில என்ன பூங்கோதை, உப்புக் கல்லா மொளைக்குது?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தாள். வயதானால் நாக்கு செத்துப்போகும் என்பார்கள், எனக்கும் அப்படி இருக்கலாம்.

அவன் நூல் மில்லில் சூப்பர்வைசர். காலை எட்டுக்குப் போவான், மதியம் ஒன்றுக்குச் சாப்பிட வருவான், சாயங்காலம் ஆறுக்கு வருவான். போகும்போது கேட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவான். ஆடியிலிருந்து இப்படி. நான் எங்காவது நடந்து தொலைந்து போவேனாம். ஆடியில் ஒரு நாள் புதன்சந்தை வரை போனேன். கத்தரிக்காய் வாங்கப் போனேன், கத்தரிக்காய் வாங்கி வந்தேன். அதற்குப் பேர் தொலைந்து போவதா?

ஆவணி 19, வெள்ளி

தபால்காரர் கேட்டுக் கம்பி வழியாக ஒரு கவர் கொடுத்தார். பூங்கோதை குளித்துக்கொண்டிருந்தாள். மதியம் தண்டபாணி வந்ததும் அவன் கையில் கொடுத்தேன். வீட்டு ஆம்பிளை கையில் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பது?

அவளுக்கு அங்கன்வாடியில் வேலை கிடைத்திருக்கிறதாம். அவன் இரண்டு தரம் படித்தான். கோபமே படவில்லை. அவளைக் கூப்பிட்டுத் தானே கொடுத்தான்.

"சந்தோசமா போ. நானா தடுக்கறேன்? ஆனா அம்மாவைத் தனியா உட்டுட்டு எப்படிப் போவே, நீயே சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நான் என்ன அவள் காலில் கட்டிய கல்லா?

"செப்டம்பர் பதினாறுக்குள்ள சேரோணுமுங்க" என்றாள்.

அவன் நாள்காட்டியைப் புரட்டினான். "பதினாறு புதன். நல்ல நாளாத்தான் போட்டிருக்குது. அன்னைக்கு நானே லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள அம்மாவுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம்."

இதற்குமேல் ஒரு புருஷன் என்ன செய்ய வேண்டும்? ஆவணி 31 என்று எனக்காகத் தமிழில் கணக்குப் போட்டுச் சொன்னான்.

ஆவணி 21, ஞாயிறு

பூங்கோதை மணிக்கட்டில் மஞ்சள் அரைத்துப் பூசியிருக்கிறாள். கிரைண்டரில் பட்டது என்றாள். கிரைண்டர் கல் விரலைத்தான் பிடிக்கும்.

ஆவணி 24, புதன்

சந்தை நாள். காலையில் ஆடுகள் தெருவை அடைத்துக்கொண்டு போயின. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. டிவி ஓடினால் எனக்குத் தலை சுற்றும் என்று கேபிளை எடுத்துவிட்டான். சுற்றும் என்று நான் சொன்ன ஞாபகம் இல்லை. பூங்கோதை போன் ரிப்பேருக்குப் போய் இரண்டு மாசம் ஆகிறது. பேத்தி நாமக்கல்லில் விடுதியில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவன் போனில் ஐந்து நிமிஷம் பேசுவாள். அவன் பக்கத்திலேயே நிற்பான்.

என் வீட்டுக்காரர் என்னை விறகுக் கட்டையால் அடித்தார். எந்தெந்த நாள், எதற்கு என்று எல்லாம் சொல்வேன். தண்டபாணி அப்படி இல்லை. குரலைக்கூட உயர்த்த மாட்டான். அதனால்தான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடிக்கிற வீட்டில் இருந்த மாதிரியே, வண்டிச் சத்தம் கேட்டதும் ஏன் எழுந்து நிற்கிறேன்?

ஆவணி 26, வெள்ளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பூங்கோதை சீயக்காய் போட்டுவிட்டாள். கை பதமாகத்தான் இருந்தது. விளக்கு ஏற்றினோம். வெள்ளிக்கிழமை, சந்தேகமே இல்லை.

ஆவணி 28, ஞாயிறு

நேற்று வெள்ளிக்கிழமை. இன்று காலை நாள்காட்டியில் ஞாயிறு.

தினமும் குளித்துவிட்டுத் தாளைக் கிழிப்பது தண்டபாணிதான். அவன் அப்பா செய்த வேலை. "நேத்து சனிக்கெழமம்மா. எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டீங்களே" என்றான். எலுமிச்சம்பழச் சோறு தின்றது வியாழக்கிழமை. பூங்கோதையைப் பார்த்தேன்.

"எனக்கும் நேத்து வெள்ளின்னுதான் இருந்துச்சுங்க" என்றாள் மெதுவாக.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாட்டமே ஆயிப்போச்சா? அடுத்த தடவை உன்னையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போகோணும் போல" என்று சிரித்தான்.

அவன் இன்று மில்லுக்குப் போகவில்லை, அதனால் ஞாயிறுதான். பேத்தி போன் வரவில்லை. விடுதியில் டவர் இல்லையாம். என் தலையில் இன்னும் எண்ணெய் வாசம் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை எங்கே போனது? இந்த நோட்டிலும் இல்லை. நேற்று எழுதாமல் விட்டேனா? அல்லது நேற்று என்று ஒன்றே இல்லையா?

ஆவணி 29, திங்கள்

மில்லுக்குப் போனவன் மதியம் முடி வெட்டிக்கொண்டு வந்தான்.

பக்கத்து வீட்டுச் சரசாவின் பிள்ளைகள் நாள் முழுக்க ஒரே கூச்சல். பள்ளிக்கூடம் லீவோ என்னவோ.

ஆவணி 30, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் போனோம். இந்த நோட்டைக் கேட்டார். மறந்துவிட்டார்கள் என்றான் தண்டபாணி. நான் மறக்கவில்லை. அவன்தான் வேண்டாம் என்று அலமாரிமேல் வைத்தான்.

"இன்னைக்கு என்ன கெழமைங்க?"

இந்தத் தடவை தயாராகப் போயிருந்தேன். "செவ்வா. ஆவணி முப்பது. இங்கிலீசுல செப்டம்பர் பதினஞ்சு" என்றேன். நாள்காட்டியைப் பார்த்துப் பூங்கோதையிடம் கேட்டு உருப்போட்டிருந்தேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இன்னைக்குத் திங்கள் பாட்டி" என்றார். பெரிய டாக்டர், அவருக்கே கிழமை தெரியவில்லை. சண்டை போடலாம் என்று பார்த்தேன். தண்டபாணி என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். நிஜமாகவே தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் முந்தானையால் துடைத்துவிட்டேன். தனியாக விடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். நாள்காட்டியில் செவ்வாய்தான். தெருவில் யாரிடமாவது கேட்கலாம் என்றால் கேட்டு பூட்டியிருந்தது. பூங்கோதை, "என்ன சொன்னாங்கத்தை?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். இவளிடமா சொல்வேன், டாக்டர் என்னைப் பைத்தியம் என்றதை?

ஆவணி 31, புதன்

பூங்கோதை ஆறு மணிக்கே பச்சைச் சேலை கட்டித் தயாராகிவிட்டாள். தண்டபாணி, "மில்லுல லீவுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு ஒரு மணி நேரத்துல வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பூட்டிக்கொண்டு போனான்.

ஒன்பது ஆனது. பதினொன்று ஆனது. அவள் கசங்கிவிடும் என்று உட்காரவே இல்லை. மதியம் சாப்பிடவும் அவன் வரவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அய்யோ, சுத்தமா மறந்துட்டேன் பூங்கோதை. மெசின் நின்னு போச்சு."

அவள் அழவில்லை. சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். நான்கு மடிப்பும் சரியாக இருந்தது. என்னால் அதைத்தான் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று. புதன் என்கிறது நாள்காட்டி. ஆனால் தெருவில் ஓர் ஆடுகூடப் போகவில்லை. சந்தை கலைந்துவிட்டதா என்ன?

புரட்டாசி 1, வியாழன்

மேலே போட்ட தேதி தப்பு. அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும். இன்று ஆவணி 31, புதன். என் மகன் வீட்டில் மட்டும்தான் வியாழன். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் நாள்காட்டியில் புரட்டாசி ஒன்று. கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். பூங்கோதை கழுவினாள். ஒன்பது மணிக்குத் தெருவில் ஆடுகள் போகும் சத்தம் கேட்டது. வியாழக்கிழமை எதற்கு ஆடு என்று நினைத்தேன். பத்தரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கறி வறுக்கும் வாசம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரோரம் போய்ச் சத்தம் போட்டேன்.

"ஏம்புள்ள சரசா! உனக்கு வெக்கமா இல்ல? புரட்டாசி பொறந்த அன்னைக்கே கறி வறுக்கறயே, பெருமாள் கண்ணைக் குத்தாதா?"

சரசா தலையை நீட்டினாள். கையில் கரண்டி.

"ஏனுங் பெரீம்மா, நாளைக்குத்தானுங் புரட்டாசி? இன்னைக்கு ஆவணி கடைசி. இனி ஒரு மாசத்துக்குக் கெடைக்காதுன்னுதான் காலைலயே எடுத்தாந்து வறுக்கறேன்."

"நாள்காட்டியில போட்டிருக்குதே!"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "பரவால்ல உடுங் பெரீம்மா. தம்பி சொன்னாரு. உங்குளுக்கு நாள், கெழம நெனப்பு இருக்கறதில்லைன்னு. தெருவுல எல்லாருக்கும் தெரியும். எங்கியாவது தனியா பாத்தா ஊட்டுல கொண்டாந்து உடச் சொல்லியிருக்கறாரு."

தெருவில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"போன்ல பாத்துச் சொல்லு" என்றேன். அவள் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "இங்க பாருங். புதன். செப்டம்பர் பதினாறு."

நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடி வெட்டியது ஞாயிறு. பிள்ளைகள் கத்தியது ஞாயிறு. டாக்டரம்மா சொன்னது சரி. சனிக்கிழமையன்று காலையில் இரண்டு தாள் கிழித்திருக்கிறான். எனக்குப் பெருக்கல் குறி வாங்கித் தரக் கிழித்திருக்கிறான். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. அந்த விரல்களுக்கு நான்தான் நகம் வெட்டிவிட்டேன் என்பதுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம்தான் பின்னால் பூங்கோதை நிற்பதைப் பார்த்தேன். அவளும் கேட்டுவிட்டாள்.

"இன்னைக்குத்தானுங்களா பதினாறு?"

"இன்னைக்குத்தான். அஞ்சு மணி வரைக்கும் ஆபீசு இருக்கும். கெளம்பு."

அவள் அசையவில்லை. "உங்களை உட்டுட்டு எப்படிங்கத்தை? டாக்டர் எழுதிக் குடுத்ததை அவரு காட்டுனாருங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, நான்தான் கொன்னேன்னு சொல்லுவாரு."

அந்தக் கேட்டுப் பூட்டு எனக்காக இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் தொலைந்துவிடுவேன் என்று பூட்டவில்லை. இவளைப் பூட்ட என்னைப் பூட்டாகப் போட்டிருக்கிறான்.

"இந்தா பாரு பூங்கோதை. உன்ற கண்ணாலத்துல எனக்குச் சாம்பார் இல்லைன்னாங்க உன்ற அம்மா. அதை நான் மறக்கல, சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அது வேற. நீ கெளம்பு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. "சர்டிபிகேட்டு எல்லாம்..." என்று இழுத்தாள்.

"டிரம்முக்குள்ள, அரிசிக்கு அடியில இருக்குது. எடு."

கண்ணை விரித்துப் பார்த்தாள். போன மாசம் அரிசி அளக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தாள். அவனிடம் நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

சரசாவிடம் இரண்டே வார்த்தை சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு ஏணியைக் கொண்டுவந்தாள். சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது. சாக்கை நான்காக மடித்துப் போட்டோம். அதே பச்சைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் டிரம்மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினாள். ஏறும்போது மணிக்கட்டைப் பார்த்தேன். நீலம் இன்னும் போகவில்லை. ஐந்து விரலும் தெரிந்தது.

சரசாவின் ஸ்கூட்டி போகும் சத்தம் கேட்டது. நான் டிரம்மை உருட்டிப் பழைய இடத்தில் வைத்தேன். சாக்கை எடுக்க எட்டவில்லை.

ஒரு மணிக்கு அவன் வந்தான். சோறு போட்டேன். உட்கார்ந்தான்.

"பூங்கோதை எங்கம்மா?"

"யாரு சாமி?"

"பூங்கோதைம்மா. உங்க மருமவ."

"மருமவளா? உனக்குக் கண்ணாலம் ஆயிருச்சா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே. பொண்ணு நல்ல எடமா?"

கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. எழுந்து அடுப்படி, குளியலறை, பின்கட்டு எல்லாம் பார்த்தான். சுவர்மேல் சாக்கைப் பார்த்தான். திரும்பி வந்து எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். குரல் அதே மெதுவான குரல்.

"வெளையாடாதீங்க. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

"எனக்குத்தான் ஒண்ணும் நெனப்பு இல்லைன்னு டாக்டரம்மாவே எழுதிக் குடுத்திருக்கறாங்களே, சாமி. நீதானே கண்ணுல தண்ணி உட்ட?"

என் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் பிடி எப்படி என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது. எலும்புக்கு எலும்பு உரசியது. நான் கத்தவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அப்பன் முகம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இவன் முகம்தான் இருந்தது. அமைதியான முகம்.

போன் எடுத்து மில்லில் யாரிடமோ பேசினான். "இன்னைக்குப் புதன்கெழம, அஞ்சு மணி வரைக்கும் அந்த ஆபீசு இருக்கும். நான் போயிட்டு வந்தர்றேன்." அவனுக்கு மேலே சுவரில் வியாழன் தொங்கிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குச் சரசா சுவர் வழியாகக் கூப்பிட்டாள்.

"கையெழுத்துப் போட்டாச்சுங் பெரீம்மா. தம்பி பின்னாலயே வந்தாரு. அங்க ஆபீசரம்மா, நாலஞ்சு பொம்பளைங்க எல்லாம் இருந்தாங்க. எல்லாருக்கும் வணக்கம் வெச்சுச் சிரிச்சுட்டு நின்னாரு. உங்க மருமவ அவரு பக்கமே திரும்பல. அவிய அண்ணனுக்கு என்ற போன்ல சொன்னோமுங், வந்து அவிய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு." அப்புறம் ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "கறி ஆறிப்போச்சு. இன்னைக்கு உட்டா ஒரு மாசம் ஆகுமுங்."

தின்றேன். இடது கையால் தின்றேன், வலது கையை வாய் வரை தூக்க வரவில்லை.

புரட்டாசி 1, வியாழன்

மறுபடியும் அதே தேதி. இது நிஜமானது. அவன் இன்று தாளைக் கிழிக்கவில்லை, அதனால் நாள்காட்டி தானாகச் சரியாகிவிட்டது.

காலையில் நான் வைத்த காப்பியைக் குடித்தான். டம்ளரைக் கழுவியும் வைத்தான். இவன் எனக்குப் பிறந்தது மார்கழி இரண்டு, செவ்வாய், உச்சி வேளை. முதல் பல் முளைத்த நாள் சொல்வேன். பள்ளியில் சேர்த்த அன்று எந்தச் சட்டை என்று சொல்வேன். இவன் இப்படி ஆன நாள் எது? எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை. அன்று நான் வீட்டில்தான் இருந்திருப்பேன். பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

எட்டு மணிக்கு மில்லுக்குப் போனான். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். கேட்டு விரியத் திறந்து கிடக்கிறது. பூட்டு கம்பியில் சும்மா தொங்குகிறது.

நான் தொலைந்து போவேன் என்று இரண்டு மாசம் பூட்டியவன். தனியாக விடக்கூடாது என்று எழுதி வாங்கியவன். இன்று நான் மட்டும்தான் இருக்கிறேன், பூட்டவில்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனேன். சந்தைக்குப் போகலாம், இன்று சந்தை இல்லை. பூங்கோதையின் அண்ணன் வீட்டுக்குப் போகலாம், அங்கே சம்பந்தியம்மா இருப்பாள். நடுத்தெருவில் கொஞ்ச நேரம் நின்றேன். சரசா பார்த்துவிட்டு, பிடித்துக் கொண்டுவந்து விட ஓடி வரவில்லை. "வாங் பெரீம்மா, காப்பி குடிக்கலாம்" என்றாள். குடித்துவிட்டு வந்தேன்.

வந்து கேட்டைச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். துருப்பிடித்திருந்தது, இடது கையாலேயே தள்ளினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து கூப்பிடுவான். கூப்பிடட்டும்.

யாரு என்று கேட்பேன்.